மீட்டரில் உடம்புச் சூடு

நேற்றிலிருந்து ஸ்டார்ட் செய்யாத என்ஜினுக்கு மீட்டர் முப்பத்தேழு டிகிரி காட்டியது.

சிடாம் கிரி கிராமத்து ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையில் சாயங்கால மழை கொட்ட, செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்த ஈரக்காற்று டயர் வாசத்தையும் பழைய எண்ணெய் வாசத்தையும் கிளறிவிட, காஞ்சனா காருக்குள் உட்கார்ந்து அந்தச் சிவப்பு எண்ணையே வெறித்தாள். எக்சோஸ் குழாயில் சொருகிய சென்சார் புகையின் சூட்டைச் சொல்லும். அளவுக்கு மீறினால் பிஸ்டன் உருகிவிடும். என்ஜின் நின்றிருந்தால் மீட்டர் வெளிக்காற்றின் சூட்டைத்தான் காட்ட வேண்டும், இந்த மழைக்கு இருபத்தைந்து. கணவன் திவாகரன் இருந்தவரை அவன் ஆக்சிலேட்டரை மிதிப்பான், பக்கத்திலிருந்து இவள் எண்ணை உரக்கச் சொல்வாள். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அதுதான் வேலை, அதுதான் விளையாட்டு. போன மாதம் பாலிங் சாலையில் அவன் பைக் மீது லாரி மோதியது.

"அண்ணி, மீட்டர் ரோசாக் லா, கெட்டுப்போச்சு," என்றான் கொழுந்தன் சுகுமாரன். "டவுனுக்குப் போயி வேற வாங்கிட்டு வரேன்."

அவன் போனதும் இறங்கிக் குழாயைத் தொட்டாள். வெதுவெதுப்பு. காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு. உள்ளே ஏதோ துடித்தது. லேசாக, விட்டு விட்டு. வியர்வை வாசம். திவாகரனின் வாசம்.

"என்னங்க?"

திறந்த கதவு வழியே மீட்டரைப் பார்த்தாள். முப்பத்தெட்டு.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பாவி மனுசா, என்னை விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

முப்பத்தைந்து. முப்பத்திரண்டு. ஆஸ்பத்திரியில் அவன் கை அவள் கைக்குள் இப்படித்தான் குளிர்ந்தது. இன்னொரு முறை அதைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

"குளிருது, காஞ்சனா." குழாய்க்குள்ளிருந்து அவன் குரல்.

ஓடிப்போய் ஸ்டார்ட் செய்தாள். நூறு. இருநூறு. நானூறு. என்ஜின் இரைச்சலுக்குள் அவன் அலறினான். சதை கருகும் நாற்றம்.

"ஐயோ, எரியுதுடி! நிப்பாட்டு!"

நிறுத்தினாள். எண் மெதுவாக இறங்கியது. அலறல் முனகலானது. முப்பத்தேழில் ஒரு பெருமூச்சு கேட்டது. அவள் நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் எண் அங்கே நிற்கவில்லை.

முப்பத்தாறு. முப்பத்துமூன்று. முப்பது.

"காஞ்சனா... குளிருது..."

குரல் தேய்ந்தது. துடிப்பும் தேய்ந்தது.

சாவியைத் திருப்பினாள். முன்னைவிடப் பயங்கரமாக அலறினான்.

"பொறுத்துக்குங்க ராஜா, போயிடாதீங்க," என்று அழுதபடியே காஞ்சனா என்ஜினை ஓடவிட்டாள்.