காயாத மை

உறையின் மேலிருந்த மை லோட்டியின் கட்டைவிரலில் ஒட்டியது. மழையில் நனைந்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் உறை காய்ந்திருந்தது; எழுத்து மட்டும்தான் ஈரம்.

கிளாரியின் கையெழுத்து. வழக்கம்போல் அவன் தங்கை எஃபிக்கு.

அவன் போரில் செத்த செய்தியைப் பாதிரியார் கொண்டுவந்து மூன்று வாரமாகிறது. அதற்குப் பிறகும் கடிதம் வருவதில் கிப்ஸ்லாந்துப் பண்ணைகளில் யாருக்கும் வியப்பில்லை. பிரான்ஸ் தபால் கப்பலேறி வந்துசேர இரண்டு மாதம். தந்தி முந்திக்கொள்ளும், கடிதம் பின்னால் வரும். லோட்டியை அரித்தது வேறு. மனைவியான அவளுக்கு வந்ததெல்லாம் பட்டாளத்தில் அச்சடித்துக் கொடுக்கும் அட்டை. வேண்டாத வரிகளை அடித்துவிட்டு, ‘நலம்’ என்பதை மட்டும் விட்டுவைத்திருப்பான். தங்கைக்கோ நான்கு தாள், ஐந்து தாள்.

“உனக்கு அட்டை, அவளுக்குக் கதைப்புத்தகமா?” என்று அவன் உயிரோடிருந்தபோதே சிரித்திருக்கிறாள் தபாலாபீஸ்காரி. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட எஃபியின் கையைத்தான் முதலில் பிடித்தார்கள்.

தன்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதியிருப்பானா?

எஃபி பால் கறக்கப் போயிருந்தாள். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருக்க, சாயங்காலத்துக்கு முன்பே இருட்டிப்போன சமையலறையில், லோட்டி உறையைக் கெட்டில் ஆவியில் காட்டினாள். பசை நெகிழ்ந்ததும் கிளறிய சேறும் எரிந்த வெடிமருந்தும் அடியில் ஏதோ தித்திப்பாக அழுகியதும் கலந்த ஒரு வாடை எழுந்து அவள் தலைமயிரில் படிந்தது.

தேதி, இன்றையது.

‘எஃபி, கீழ்வேலியைத் தாண்டிவிட்டேன். கொட்டகையில் உன் லாந்தர் தெரிகிறது. பசுவைப் பார்த்தே உட்கார்ந்திரு, திரும்பாதே. உன்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறேன். லோட்டிக்குச் சொல்லாதே.’

தேதியை மறுபடி படித்தாள். ஆனால் நெஞ்சில் நெருப்பாக நின்றது அந்தக் கடைசி வரிதான். செத்த பிறகும் இவளைத் தேடித்தானா?

கொட்டகைக்கு ஓடினாள். எச்சரிக்க அல்ல.

“நீ உள்ள போ எஃபி. நான் கறக்கிறேன்.”

“நீயா? உன்னைப் பாத்தாலே உதைக்குமே அண்ணி!”

“உதைச்சா உதைக்கட்டும். உன் கோட்டையும் தொப்பியையும் குடு, குளுருது.”

“என்ன ஆச்சு உனக்கு இன்னைக்கு? பேய் அடிச்ச மாதிரி இருக்க.”

“போடீன்னா!”

எஃபி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மழையில் ஓடினாள்.

தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள் லோட்டி. பசு அசை போடுவதை நிறுத்தியது. பின்கதவுப் பக்கம் சேற்றிலிருந்து பூட்ஸ் பிடுங்கும் சத்தம். ஒன்று. நிதானமாக இன்னொன்று. அந்த வாடை.

“எஃபி.”

அவன் குரல்தான். அவன் குரல் மாதிரிதான்.

“ம்,” என்றாள் லோட்டி.

ஈரக் கை ஒன்று கழுத்தில் விழுந்தது. கனமாக. மூன்றே விரல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் எனக்குத்தான். எனக்கு மட்டும்.

வீட்டிலிருந்து எஃபியின் சிரிப்புச் சத்தம்.

கண்ணைத் திறந்தாள். கொட்டகையின் முன்வாசல் வழியே, மழைக்கு அப்பால், சமையலறை ஜன்னல். உள்ளே விளக்கு. மேஜையில் எஃபி. எதிரே, சேறு சொட்டச் சொட்ட, கிளாரி; மேஜையில் ஊன்றிய கைகளில் பத்து விரலும் இருந்தன. தங்கையின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். எஃபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கழுத்திலிருந்த விரல்கள் மெல்ல இறுகின.