ஓடாத முப்பத்திரண்டு கிலோமீட்டர்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தேகால் மணிக்கு, போர்வைக்குள் சுருண்டு, உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தீங்கு நினைக்காமல் தூங்கிக்கொண்டிருந்த லேப்காரரை அவருடைய ஓட்டக் கடிகாரம் வாழ்த்தியது. மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த அது, கவிழ்த்த டம்ளருக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி மூன்று முறை உறுமி, பச்சை வெளிச்சம் போட்டுக் காட்டியது: பதினோரு கிலோமீட்டர் முடிந்தது. ஒரு மணி இரண்டு நிமிடம். பிரமாதம்!

லேப்காரர் ஒரு கண்ணைத் திறந்து படித்தார். சந்தேகப்பட்டு இன்னொரு கண்ணையும் திறந்து படித்தார். இரண்டு கண்ணுக்கும் அதே பதினோரு கிலோமீட்டர்தான் தெரிந்தது.

அவர் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் டெக்னீஷியன். வயது நாற்பத்து நாலு. மாரத்தானுக்குப் பத்தொன்பது நாள் பாக்கி. அவர் வாழ்க்கையில் பாதியில் விட்ட காரியங்களை வரிசையாக நிறுத்தினால் அதுவே ஒரு மாரத்தான் தூரம் வரும்: கிட்டார், நீச்சல், மொட்டைமாடித் தோட்டம், கதவில்லாமல் நிற்கும் அலமாரி. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் 'என் அப்பா' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது ஒன்பது வயது மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா, நீங்க எதையாவது முழுசா முடிச்சிருக்கீங்களா?" அவள் குத்தலாகக் கேட்கவில்லை. எழுத ஒரு வரி வேண்டும், அவ்வளவுதான். அன்று ராத்திரியே அவர் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தார். மனைவி "சரி, பாப்போம்" என்றாள். அந்த 'பாப்போம்' எட்டு மாதமாக அவர் முதுகில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது.

பயிற்சி கொடுப்பவர் விசில் சார் என்கிற ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். அவர் விசில் ஊதினால் பக்கத்து ஊரில் பஸ் நின்றுவிடும். அவர் குழுவில் ஒரே ஒரு சட்டம். போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிறு, முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓடிக் கடிகாரக் கணக்கை அனுப்ப வேண்டும். அனுப்பாதவருக்குப் போட்டி எண் கிடையாது. அனுப்பியவர்கள் அதற்குப் பிறகு ஓட்டத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

லேப்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறாவது கிலோமீட்டரில் ஒரு பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சும் அவரைப் பார்த்தது. அதோடு சரி.

ஆனால் அவர் பையில் லேப் சாவி இருந்தது. ஞாயிறு விடுமுறை. லேப்பில் கண்ணாடிக் குழாய்களில் எடுத்துவைத்த ரத்தம் உறைந்துவிடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும் சின்ன இயந்திரம் ஒன்று உண்டு. எல்லாரும் அதைத் தொட்டில் என்பார்கள். கை வீச்சை எண்ணித்தான் கடிகாரம் தூரம் கணக்குப் போடுகிறது என்பது அவருக்குத் தெரியும். குளிர்பெட்டியைத் திறந்து, கைக்கு அகப்பட்ட ஒரு ரத்தக் குழாயை எடுத்து, பஞ்சு சுற்றிப் பருமனாக்கி, அதில் கடிகாரத்தைக் கட்டி, தொட்டிலில் கிடத்தி சுவிட்சைப் போட்டார். மூன்றரை மணி நேரம் அது இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஆடியது. அவர் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் காலி செய்தார். முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஆனதும் கணக்கைப் பார்த்தார். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு என்றிருந்தது. பஞ்சுக்கு ஏது துடிப்பு என்று சிரித்துக்கொண்டே விசில் சாருக்கு அனுப்பினார். குழாயை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கால் வலிப்பதாக மனைவியிடம் முனகக்கூடச் செய்தார்.

அது நடந்து இரண்டு நாள் கழித்துத்தான் இந்தப் பதினோரு கிலோமீட்டர்.

முதல் சந்தேகம் முன்னறையில் படுக்கும் மச்சினன் மேல் போனது. பிரிண்டர் ரிப்பேர் செய்கிறவன். எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான்.

"மாப்ளே, என் வாட்சைத் தொட்டியா?"

"ஐயோ மாமா, அதைத் தொட்டா என்னையும் ஓடச் சொல்லும். எனக்கெதுக்கு வம்பு?"

"அப்ப பதினோரு கிலோமீட்டர் யாருடா ஓடினது?"

"கனவுல நீங்கதான் ஓடியிருப்பீங்க. அதுலயும் நடுவுல எங்கயாவது உக்காந்துட்டீங்களான்னு நல்லா பாருங்க."

அவன் சிரித்த விதம் லேப்காரருக்குப் பிடிக்கவில்லை. அன்று இரவு காலணிகள் இரண்டின் வாயையும் லேப்பில் சீல் வைக்கும் ஒட்டுநாடாவால் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, மேலே தேதியும் கையெழுத்தும் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்தார். விடிந்ததும் குனிந்து பார்த்தார். நாடா பிரியவில்லை. கையெழுத்து கலையவில்லை. ஆனால் நாடாவைப் பிய்த்து உள்ளே விரலை விட்டபோது, இப்போதுதான் ஒரு கால் வெளியே போன மாதிரி வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. முகர்ந்தால் வியர்வை நாற்றம் இல்லை, இருபது வருஷமாகத் தினமும் ரத்தக் குழாய் மூடியைத் திறக்கும்போது அவர் மூக்கில் ஏறுகிற, ஈர இரும்பைப் போன்ற அந்த வாடை.

கடிகாரம் சொன்னது: பதினான்கு கிலோமீட்டர்.

வெள்ளிக்கிழமை மனைவி அடுப்படியில் அவரைப் பார்த்துச் சிரித்தாள். வழக்கமாக வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குத்தான் அந்தச் சிரிப்பு கிடைக்கும்.

"என்னமோ போங்க. நானும் சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன். இந்த மூணு நாளா நீங்க ஆளே மாறிட்டீங்க."

"ஏன், என்ன பண்ணினேன்?"

"என்ன பண்ணினேனா? ஓடிட்டு வந்து தலைமாட்டுல டீ வெச்சுட்டுப் போறீங்களே. கல்யாணமாகிப் பன்னண்டு வருஷத்துல இந்தக் கை டீ போட்டிருக்கா? ஒரு வார்த்தை பேசாம, மூச்சுகூட வாங்காம வந்து வெக்கிறீங்க. கைதான் ஜில்லுன்னு இருக்கு."

லேப்காரர் கழுவப் போட்டிருந்த கோப்பையைப் பார்த்தார். அடியில் தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது. பிடியில் ஒரு கட்டைவிரல் தடம், பழுப்பும் சிவப்புமாக. மனைவி விளையாடுகிறாளா? அக்காவும் தம்பியும் சேர்ந்து நாடகம் போடுகிறார்களா? ஞாயிற்றுக்கிழமை விஷயம் தெரிந்துபோய், உண்மையை வரவழைக்கத்தான் இப்படிச் செய்கிறார்களா? அன்று முழுவதும் அவளைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் பாட்டுக்கு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி துணி மடித்தாள். எட்டு மாதமாக அவள் முணுமுணுத்ததே இல்லை.

அடுத்த வாரம் மாடிப்படி ஏறும்போது அவருக்குக் கண் இருட்டியது. கண்ணாடியில் பார்த்தால் உதடு சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. லேப்பில் யாரும் பார்க்காத நேரத்தில் தன் கையிலேயே ஊசி குத்தி ரத்தம் எடுத்து இயந்திரத்தில் வைத்தார். மாரத்தான் மருத்துவச் சான்றிதழுக்காகத் தொட்டில் ஞாயிற்றுக்கு முதல் நாள் எடுத்தபோது ஹீமோகுளோபின் பதினாலு. இப்போது ஒன்பது. இயந்திரத்தைச் சந்தேகப்பட்டார். மறுபடி வைத்தார். ஒன்பதுதான். காயமில்லை, ரத்தப்போக்கில்லை, இத்தனை ரத்தம் எங்கே போயிற்று?

சான்றிதழுக்கு எடுத்த அந்தப் பழைய குழாய் குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும். தேடினார். மூன்றாவது தட்டில், ஓரத்தில் கிடைத்தது. அவர் பெயர், அவர் கையெழுத்து. லேபிளின் ஓரத்தில் ஒரு பஞ்சு இழை ஒட்டியிருந்தது.

கைக்கு அகப்பட்ட குழாய். அவருடையது.

மூடி திறக்கப்படவில்லை. சீல் அப்படியே இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. கண்ணாடி கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்புறம் லேசாக ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது. உள்ளேயிருந்து யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

அவர் நேராக விசில் சார் வீட்டுக்குப் போனார். உண்மையைச் சொல்லி, போட்டி எண் வேண்டாமென்று சொல்லிவிட்டால் போதும் என்று தோன்றியது. வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சார் அவரைக் கண்டதும் ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"வாங்க லேப்காரரே! நேத்து என்னய்யா ஓட்டம் அது?"

"சார், அந்த முப்பத்திரண்டு…"

"அது கிடக்கட்டும். நேத்து காலைல என்கூடப் பதினாறு கிலோமீட்டர் வந்தீங்களே, ஒரு இடத்துல மூச்சு வாங்கிச்சா? நாப்பது வருஷமா பசங்களை ஓட விட்டிருக்கேன், இப்படி ஒரு காலை நான் பாத்ததில்ல. பேசத்தான் மாட்டேங்கறீங்க. ஓடும்போது பேசாதவன்தான் ஓட்டக்காரன்!"

லேப்காரர் வாயைத் திறந்தார். சார் அதற்குள் உள்ளே போய்ப் போட்டி எண்ணைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து மூடினார். திரும்பும் வழியில் சோதித்துப் பார்க்கத் தெருமுனை வரை ஓடிப் பார்த்தார். நூறு அடி. அதற்குள் நெஞ்சு கிழிந்துவிடும் போல் ஆகி, யார் வீட்டுச் சுவரையோ பிடித்துக்கொண்டு நின்றார்.

போட்டிக்கு முந்திய மாலை. மகள் கூடத்துத் தரையில் பெரிய அட்டையை விரித்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். 'என் அப்பா முடிப்பார்' என்று எழுதியிருந்தது. பெயிண்ட் வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. காற்றாடியின் காற்றில் அட்டையின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. மனைவி போட்டிச் சட்டையில் எண்ணை ஊக்கு வைத்துக் குத்திக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார்.

மனைவி நிமிர்ந்தாள். அந்த முகத்தில் 'பாப்போம்' இல்லை. அது இல்லாத முகத்தை அவர் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார்.

"சொல்லுங்க."

இப்போது சொல்லலாம். ஒரே வரி. நான் ஓடவில்லை.

மகள் கையெல்லாம் மஞ்சளாக, திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றார். "ஊக்கு சரியாக் குத்தியிருக்கியான்னு பாரு."

அன்று பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஆறு காட்டியிருந்தது.

மூன்றரைக்கு அலாரம் வைத்துப் படுத்தார். கண் விழித்தபோது வெயில் சுவரின் பாதிக்கு வந்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். கால் வரவில்லை. கையும் வரவில்லை. உடம்பு காலியாகக் கிடந்தது. நாற்காலியில் சட்டை இல்லை. கட்டிலுக்கடியில் காலணி இல்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

தலையணைக்குப் பக்கத்தில் கைபேசி ஒளிர்ந்தது. குடும்பக் குழுவில் ஒரு குரல் பதிவு. ஒற்றை விரலைத்தான் நகர்த்த முடிந்தது. தொட்டார். ஜன இரைச்சல், கைதட்டல், அதற்கு மேலே மகளின் குரல்: "அப்பா வந்துட்டாரு! மாமா, அப்பா முடிச்சுட்டாரு! அங்க பாருங்க, அம்மா அழறாங்க!"

பின்னாலேயே ஒரு படம். மகள். மனைவி. நடுவில், இருவர் தோளிலும் கை போட்டபடி, பதக்கத்தோடு லேப்காரர். நல்ல சிவந்த முகம். எட்டு மாதத்தில் அவர் அவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததே இல்லை.

ஏய், என்று கத்தினார். சத்தம் வரவில்லை.

எத்தனை நேரம் போயிற்றோ. வெயில் சுவரிலிருந்து இறங்கிவிட்டது. வாசலில் வண்டி நின்றது. கேட் திறந்தது. சாவி. மனைவியின் சிரிப்பு. மச்சினன் குரல்: "மாமா, இனிமே உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன், சத்தியமா!" மகள் தடதடவென்று ஓடினாள். அப்புறம் படியில் காலடி. ஒன்று. ஒன்று. ஒன்று. அவசரமே இல்லை. மூச்சு வாங்கவே இல்லை.

கதவு திறந்தது. மனைவி உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். நேராக அவரைத்தான் பார்த்தாள். கண்ணைத் திருப்பவில்லை. அவர் கண்ணால் கெஞ்சினார். அவள் குனிந்து, அவர் மார்பின் மேல் கை வைத்து, விரிப்பில் இருந்த சுருக்கத்தைத் தட்டி நீவிவிட்டாள். அவள் கை அவருக்கு உறைக்கவில்லை.

"வாங்க. கொஞ்ச நேரம் படுங்க," என்றாள் வாசல் பக்கம் திரும்பி. "குழந்தையை உள்ள விடமாட்டேன். நல்லாத் தூங்குங்க."

அவள் ஒதுங்கி வழி விட்டாள். அது உள்ளே வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தது. கட்டில் அமுங்கியது. குனிந்து நிதானமாக நாடாவை அவிழ்த்தது. ஒரு காலணி. இன்னொரு காலணி. ஈர இரும்பு வாடை.

மனைவி கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அது காலை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டது. தலையணையைச் சரி செய்துகொண்டது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அவர் படுத்திருந்த அதே இடத்தில் படுத்தது.