சங்கு ஊதியும் நிற்காத சுத்தியல்

மதியச் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் சிங்கப்பூர் ஜூரோங் கப்பல் பட்டறையின் அத்தனை சுத்தியல்களும் நின்றன, ஒன்றைத் தவிர.

இயேசுதாசன் அதைக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. கப்பலின் முன்தளத்து நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மனைவி ரோசம்மா கட்டிக் கொடுத்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். காலை முழுக்கக் காதைப் பிளக்கிற இடம் அது. சங்கு ஊதிவிட்டால், கப்பலின் பக்கவாட்டைக் கடல்தண்ணீர் நக்குகிற சத்தம்கூடக் கேட்கும். அந்த அமைதியில், அவன் உட்கார்ந்திருந்த இரும்புக்கு அடியிலிருந்து, டொக். கொஞ்சம் பொறுத்து, டொக், டொக். அவசரமே இல்லாத தட்டல். கதவைத் தட்டிவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கிற மாதிரி நடுவில் ஓர் இடைவெளி. அவன் கையில் எடுத்த கவளத்தை மறுபடியும் டிபன் பாத்திரத்திலேயே வைத்தான்.

அது நார்வே கடற்படை கழித்துவிட்ட போர்க்கப்பல். பெயர் ஸ்கார்வன். அவர்கள் மொழியில் நீர்க்காகம் என்று அர்த்தமாம். கப்பலோடு வந்த வயதான நார்வேக்கார இன்ஸ்பெக்டர் ஒருநாள் டீ குடிக்கும்போது அதன் கதையைச் சொன்னார். முதல் ஸ்கார்வன் சண்டையில் ஆட்களோடு மூழ்கிப் போனது. அதன் பெயரை இதற்கு வைத்தார்கள். இதை விற்றதும், ஏவுகணையெல்லாம் பூட்டிய புதுக் கப்பல் ஒன்றுக்கு அதே பெயரைக் கொடுத்துவிட்டார்கள். கப்பல்தான் சாகும், பெயர் சாகாது என்றார் பெருமையாக. இதன் முகப்பில் இருந்த எழுத்துகளை மட்டும் உளியால் செதுக்கி எடுத்திருந்தார்கள்.

"இதுதான்லா உண்மையிலேயே பேர் போன கப்பல்," என்றான் வெல்டர் அழகப்பன். எல்லோரும் சிரித்தார்கள். இயேசுதாசனும் சிரித்தான். ஆனால் கீழே இறங்கும்போதெல்லாம் அவனுக்கு அந்தச் செதுக்கின இடம் நினைவுக்கு வரும்.

சரக்குக் கப்பலின் வயிறு கல்யாண மண்டபம் போல விரிந்து கிடக்கும். போர்க்கப்பல் அப்படி இல்லை. எங்கே பார்த்தாலும் சின்னச் சின்ன அறை, அறைக்கு அறை இரும்புக் கதவு. குண்டு விழுந்து ஓர் அறைக்குள் தண்ணீர் புகுந்தால், அந்த அறையை மட்டும் வெளியே இருந்து பூட்டிவிடுவார்களாம். உள்ளே ஆள் இருந்தால்? இதை இயேசுதாசன் கேட்டதற்கு அந்த வெள்ளைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு டீயைக் குடித்து முடித்தார்.

இப்போது அதை எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றும் கப்பலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்த பெரிய பீரங்கியைக் கழற்றியதில் மூக்குப் பக்கம் எடை குறைந்துவிட்டது. அதைச் சரிக்கட்ட, முன்தொட்டியில் சிமெண்டுக் கலவையை ஊற்றி நிரப்பப் போகிறார்கள். வருகிற திங்கட்கிழமை காலையில் வேலை. சத்தம் வந்தது அந்தத் தொட்டியிலிருந்துதான்.

அன்று சாயங்காலமே இயேசுதாசன் சிலுவைராஜிடம் சொன்னான். சிலுவைராஜ் ரோசம்மாவின் அண்ணன், பட்டறையில் சூப்பர்வைசர். இயேசுதாசனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர், பூன் லேயில் வீடு கிடைக்க அலைந்தவர், அவன் மகளுக்கு ஞானத்தகப்பன். அவர் சொன்னால் இவனுக்கு மறுபேச்சு கிடையாது.

"இரும்பு, மச்சான்," என்றார் சிலுவைராஜ். "குளிர் நாட்டு இரும்பு. நம்ம ஊரு வெயில் பட்டா முறுக்கும், சத்தம் போடும். இதுக்கெல்லாமா பயப்படுவ?"

புதன்கிழமையும் அது தட்டியது. வியாழக்கிழமை இயேசுதாசன், தன்னையே கேலி செய்துகொண்டு, கரண்டிக் காம்பால் தளத்தை மூன்று முறை தட்டினான். கீழிருந்து மூன்று தட்டல் வந்தது. அவன் ஐந்து தட்டினான். ஐந்து வந்தது. இரும்பு முறுக்கும், சரி. எண்ணவும் செய்யுமா?

வெள்ளிக்கிழமை பட்டறை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். பூவம்மா என்று பெயர், மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்திருந்தாள். அவள் தம்பி மருதப்பன் இவர்களோடு வேலை செய்தவன். தினமும் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி வழியாக வந்து போவான். தலைக்கு மல்லிகை வாசனை எண்ணெயை வழிய வழியத் தடவிக்கொண்டு வருவதால் எல்லோரும் அவனைக் கிண்டல் செய்வார்கள். கூலியில் பிடித்த பணத்துக்குச் சிலுவைராஜிடம் கணக்குக் கேட்டவன் அவன் ஒருவன்தான். மூன்று வாரமாக ஆளைக் காணவில்லை. தொட்டிக்குள் இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனை மேலே பலகையில் மாட்ட வேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் மருதப்பனின் டோக்கன் இல்லை. அதனால் அவன் வெளியே போய்விட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

"நானே பார்த்தேன்மா, உட்லண்ட்ஸ் பஸ்ஸுல ஏறுனான்," என்றார் சிலுவைராஜ் அவளிடம். "வயசுப் பையன். எங்கயாச்சும் சுத்திட்டு வருவான்."

"வீட்டுக்கு வரலையே ஐயா," என்றாள் அவள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற இயேசுதாசனின் காதில் அந்தத் தட்டல்தான் கேட்டது. அவள் போனதும் சிலுவைராஜைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், சிமெண்டு ஊத்தறதுக்கு முன்னாடி அந்தத் தொட்டிய ஒருதரம் திறந்து பாத்துரணும். திங்கட்கிழமை காலையில நான் அந்த வெள்ளைக்காரர்கிட்ட சொல்லப் போறேன்."

சிலுவைராஜ் அவனையே பார்த்தார். கோபப்படவில்லை. அவன் தோளில் கையைப் போட்டார்.

"வெள்ளைக்காரன் எதுக்கு? ஒண்ணும் இல்லேன்னா நம்ம ரெண்டு பேர் மானமும் போகும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நானும் நீயும் வந்து பார்ப்போம். நான் முன்னாடியே மூடியத் திறந்து காத்தாட விட்டுடறேன்." கொஞ்சம் நடந்தவர் நின்று திரும்பினார். "ரோசம்மாகிட்ட இத சொல்லாத. பயந்துக்குவா. உட்லண்ட்ஸ்ல ஒரு ஆளப் பார்க்கப் போறேன்னு சொல்லு."

என்ன இருந்தாலும் மச்சான் மச்சான்தான் என்று இயேசுதாசன் மனசு குளிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை கண்டார்கள், ஒருவர் பின் ஒருவராகப் போய் நற்கருணை வாங்கினார்கள். ரோசம்மா தேக்கா சந்தைக்குக் கறி வாங்கப் போனாள். "சீக்கிரம் வந்துடுங்க, உட்லண்ட்ஸ்லயே உட்கார்ந்துடாதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பட்டறை வெறிச்சோடிக் கிடந்தது. உச்சி வெயிலில் ஸ்கார்வனின் சாம்பல் நிற உடம்பிலிருந்து அனல் அடித்தது. தளத்துக்குக் கீழே இரண்டு ஏணி இறங்கியதுமே வெயில் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. சுரண்டின பெயிண்டு, பழைய டீசல், துரு, இதெல்லாம் கலந்த வாடை. கதவுகளுக்கு மேலே புரியாத எழுத்துகளில் அறிவிப்புகள். யாரோ ஒரு மாலுமி படுக்கைச் சுவரில் ஆணியால் கீறி வைத்த ஒரு பெண் முகம். நடக்க நடக்க, முன்னாலிருந்து அந்தத் தட்டல் வந்தது. டொக். டொக், டொக். இயேசுதாசன் சிலுவைராஜைத் திரும்பிப் பார்த்தான். அவர் முகத்தில் வியர்வையைத் தவிர ஒன்றும் இல்லை.

"கேக்குதா மச்சான்?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார் அவர். சற்று வேகமாகவே சொன்னார்.

தொட்டியின் மூடி திறந்து ஒருபக்கமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆள் நுழைகிற அளவுக்கு முட்டை வடிவ ஓட்டை. சிலுவைராஜ் நீண்ட ஒயரில் விளக்கைக் கட்டி உள்ளே இறக்கினார்.

"டோக்கனக் குடு. நான் மாட்டறேன்," என்று கையை நீட்டினார். இயேசுதாசன் கொடுத்தான். அவன் கால் ஏணியின் முதல் கம்பியைத் தொட்டதும் தட்டல் நின்றது.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. அது இருக்கக்கூடாத குளிர்ச்சி. மேலே அடிக்கிற வெயிலுக்குத் தொட்டி அடுப்பாகக் கொதித்திருக்க வேண்டும். அவன் அடிமட்டத்தில் நின்றான். விளக்கு ஒயரில் மெல்ல ஆட, இரும்புச் சட்டங்களின் நிழல்களும் சுவரில் முன்னும் பின்னும் போய் வந்தன. தொட்டியை ஒரு குறுக்குத் தகடு இரண்டாகப் பிரித்தது. தகட்டின் நடுவில் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. அழுகல் நாற்றம் அல்ல. மல்லிகை எண்ணெய்.

குனிந்தான்.

ஓட்டைக்கு அந்தப்பக்கம் இரண்டு பூட்ஸ். அடிப்பாகம் இவனைப் பார்த்தபடி.

"மச்சான்!" என்று கத்தினான். "இங்க இருக்கான் மச்சான்! மருதப்பன் இங்கதான் இருக்கான்!"

விளக்கு அசைந்தது. கிணற்றிலிருந்து இறைக்கிற வாளி போல, ஆடி ஆடி மேலே போனது. அதை எடுத்துக்கொண்டு மச்சான் இறங்கி வருகிறார் என்று நினைத்தான். அடியிலிருந்து இருட்டு அவன் முழங்கால் வரை வந்தது, மார்பு வரை வந்தது. வெளிச்சம் ஓட்டை வழியாக வெளியே போயிற்று.

மூடி விழுந்தது.

ஏணியில் எப்படி ஏறினான் என்று தெரியவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் மூடியை அறைந்தான். "மச்சான்! மூடி விழுந்துருச்சு! திறங்க!"

இரும்புக்கு அந்தப்பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு சிலுவைராஜின் குரல், தணிவாக, நிதானமாக.

"வர்றேன் மச்சான்."

இயேசுதாசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏணிக் கம்பியில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டான். ஸ்பேனர் நட்டைப் பிடிக்கும் சத்தம் கேட்டது. வருகிறார். திறக்கிறார். ஒரு நட்டு. இன்னொரு நட்டு.

மூடியே திறந்து கிடந்ததே, எந்த நட்டைக் கழற்றுகிறார்?

காதை மூடியோடு ஒட்டி வைத்தான். கழற்றினால் சத்தம் போகப் போகத் தளரும். இது இறுகியது. ஒவ்வொரு சுற்றுக்கும் இறுகியது. கடைசிச் சுற்றில் இரும்பு கிறீச்சிட்டது. அப்புறம் காலடிகள். அவை நெருங்கவில்லை, தூரப் போயின. ஏணி. தளம். ஒன்றுமில்லை.

அப்போதுதான் அவனுக்கு அந்தச் சொல் விளங்கியது. எத்தனை ஞாயிறு சாப்பிட்டுவிட்டு, இவன் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மச்சான் சொல்லியிருக்கிறார். கிளம்பும்போது நம்மில் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. வர்றேன் என்றுதான் சொல்வோம். அதைத்தான் சொன்னார். விடைபெற்றுக்கொண்டு போயிருக்கிறார்.

பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபித்த வாய். இவன் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியில் தூக்கிப் பிடித்த கை. தங்கை தாலியறுப்பது தெரிந்தும், தோளில் போட்ட கை! இயேசுதாசன் அழுதான். பயத்தில் வந்த அழுகை அல்ல. இப்படி ஒருவனை நம்பினோமே என்கிற ஆற்றாமை. இந்நேரம் ரோசம்மா கறியை அடுப்பில் ஏற்றியிருப்பாள். ராத்திரி வரை பார்த்துவிட்டு அண்ணனிடம்தான் ஓடுவாள். அண்ணன் சொல்வார், நானே பார்த்தேன், உட்லண்ட்ஸ் பஸ்ஸுல ஏறுனான் என்று.

விடிந்தால் சிமெண்டு.

கத்தினான். குரல் கம்மும்வரை கத்தினான். நின்றான்.

கீழே ஏதோ நகர்ந்தது.

துணி இரும்பில் உரசும் சத்தம். குறுக்குத் தகட்டின் ஓட்டை வழியாக. மெல்ல. முதலில் ஒரு பூட்ஸ் அடிமட்டத்தில் பட்டது. பிறகு இன்னொன்று.

மூச்சை அடக்கினான். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாத இருட்டு.

ஏணி அதிர்ந்தது. ஒரு கம்பி. இன்னொரு கம்பி. குளிர் கணுக்காலைத் தொட்டது. முழங்காலைத் தொட்டது.

மல்லிகை எண்ணெய்.

காதுக்கு அருகில். மிக அருகில். பேசுகிற வாயிலிருந்து மூச்சே வரவில்லை.

"எங்கிட்டயும் அப்படித்தாண்ணே சொன்னாரு."

இயேசுதாசனின் வலது கைக்குள் ஒரு சுத்தியலின் காம்பு வந்து உட்கார்ந்தது. அதன் மேல் விரல்கள் வந்து மூடின, ஈரமாய், சில்லென்று, ஒவ்வொன்றாக. பிறகு அந்தக் கை அவன் கையையும் சேர்த்து உயர்த்தி, மூடியைத் தட்டத் தொடங்கியது.