காலியாக விட்ட கட்டங்கள்

“நீங்கதான் அப்பவே கிளம்பிட்டீங்களே மேடம்.”

“கிளம்பியிருந்தா மேலேருந்து உங்ககிட்ட எப்படிண்ணே பேசுவேன்?”

கீழ்த்தளத்துக் காவலாளி சிரித்தது கதவோர இன்டர்காமில் கரகரவென்று கேட்டது. “அதானே! ஆனா இங்க திரையில உங்க பேருக்கு நேரா ‘வெளியே’ன்னு காட்டுது. மேல ஒருத்தரும் இல்லைங்குது.”

“திரை சொன்னா நான் இல்லாமப் போயிடுவேனா? அட்டையைக் காட்டினா கதவு முறைக்குதுண்ணே. அங்கேருந்து ஒரு தட்டு தட்டி விடுங்க. லீவு நாள்ல வந்ததுக்கே வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்காங்க.”

“தட்டிப் பார்த்துட்டேன். ஆளில்லாத தளத்தைத் திறக்க மாட்டேங்குது.” அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. “திரையை விடுங்க மேடம். நானே கண்ணால பார்த்தேனே. கொஞ்சம் முன்னாடிதான் லிஃப்ட்லேருந்து வந்தீங்க. ‘வணக்கம்ணே’ன்னீங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டீங்க.”

“நானா?”

“எனக்கும் அதான் ஆச்சரியம். இத்தனை நாள்ல நீங்க நின்னு ஒரு வார்த்தை பேசினதே இல்லையே.”

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். வேறு யாரையோ பார்த்துவிட்டு உளறுகிறார். விடுமுறை நாளில் தனியாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கண் கட்டும். அவள் தன் மேசைக்குத் திரும்பி நடந்தாள். விரிப்பு அவள் காலடிச் சத்தத்தை விழுங்கியது. ஆட்கள் இல்லாத அந்தத் தளம் தண்ணீரை வடித்துவிட்ட நீச்சல்குளம் போல இருந்தது. நாற்காலிகளின் முதுகில் யார் யாருடைய ஸ்வெட்டர்களோ தோள் சரிந்து தொங்கின. ஜன்னல் மறைப்புகளின் இடுக்கு வழியே பிற்பகல் வெயில் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. குளிர்சாதனத்தின் ஒரே சீரான முனகலும், பழைய காபியின் கசந்த வாசமும், மூலையில் தானாக நடுங்கி அடங்கும் குடிநீர் இயந்திரமும் தவிர அங்கே எதுவும் இல்லை.

சுவரில் இருந்த பெரிய திரையில் நான்கு பெயர்கள் ஒளிர்ந்தன. பணியாளர் பதிவு. கதவுகள். தொலைபேசி. மருத்துவக் காப்பீடு.

ஒன்றோடொன்று பேசத் தெரியாத மென்பொருள்களைப் பேச வைப்பதுதான் அவள் வேலை. அவளுடைய நிறுவனம் இன்னொரு நிறுவனத்தை வாங்கியிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்களின் விவரங்கள் வெவ்வேறு மென்பொருள்களில், வெவ்வேறு பாஷைகளில் கிடந்தன. நடுவில் நின்று ஒருவர் சொல்வதை மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்ல அவள் ஒரு மென்பொருளை அமைத்தாள். அதைக் குழுவில் எல்லோரும் ‘தரகர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். தரகர் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். இன்று காலையில்தான் அதை ஓடவிட்டாள்.

ஒரே ஆள் இரண்டு பக்கமும் இருந்தால் தரகர் கண்டுபிடித்துவிடும். பெயர், பிறந்த நாள், தாயின் பெயர், மூன்றும் ஒத்துப்போனால் இருவரும் ஒருவரே. எந்தப் பதிவில் விவரங்கள் முழுமையாக இருக்கின்றனவோ அது நிற்கும். மற்றது போகும். அந்த விதியை எழுதியதும் அவள்தான்.

பணியாளர் பதிவுக்கு எதிரே பச்சை டிக். கதவுகளுக்கு எதிரே பச்சை டிக்.

அவள் கணினி அவளை உள்ளே விடவில்லை. இந்தப் பயனர் வேறு இடத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்றது. கைப்பேசியை எடுத்தாள். சிக்னல் இல்லை. அலுவலகம் கொடுத்த இணைப்பு அது. மேசைத் தொலைபேசியில் குழு நண்பனை அழைத்தாள். உயரமும் ஒல்லியும் சேர்ந்து அவனுக்கு ‘ஒட்டடைக்குச்சி’ என்று பெயர் வாங்கித் தந்திருந்தன.

“மறுபடியுமா?” என்றான் எடுத்ததுமே. “இப்பத்தானே தாயே வெச்சே. விட மாட்டியா?”

“நான் எங்கடா பேசினேன்?”

“சரியாப் போச்சு. எல்லாம் நல்லா முடிஞ்சுது, உன் உதவிக்கு நன்றின்னு சொன்னியே. நீ நன்றி சொன்னதும் எனக்கு மயக்கமே வந்துடுச்சு. என் பொண்டாட்டியைக் கூப்பிட்டு விசிறச் சொன்னேன்.”

“டேய், பரிசோதனைக்குன்னு போட்ட பதிவையெல்லாம் அழிச்சோம்தானே?”

“என்னோடதை நான் அழிச்சேன். உன்னோடதை நீதானே அழிக்கணும்?”

பரிசோதனைக்கு ஒரு பொய் ஆளை உண்டாக்க வேண்டும். இந்தத் தொழிலில் யாரும் அதற்காக மூளையைக் கசக்குவதில்லை. தங்கள் பதிவையே நகலெடுத்து அந்தப் பக்கம் போட்டுவிடுவார்கள். அவளும் அதைத்தான் செய்திருந்தாள். ஒரு சாப்பாட்டு இடைவேளையில், சும்மா இருந்த கைக்கு வேலையாக, தன் பதிவில் காலியாக விட்டிருந்த கட்டங்களையெல்லாம் நகலில் நிரப்பினாள். தெரிந்த மொழிகள். நீச்சல். சங்கீதம். படத்துக்கு, என்றோ எடுத்த, சிரித்த முகம். ‘உங்களைப் பற்றிச் சில வார்த்தைகள்’ என்ற கட்டத்தில்: பொறுமையானவள். எல்லோரிடமும் அன்பாகப் பேசுவாள். வீட்டுக்கு நேரத்துக்குப் போவாள்.

எழுதிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அழித்தது நினைவில்லை. இரண்டில் முழுமையான பதிவு இப்போது அந்த நகல்தான்.

“தரகரை நிறுத்துடா,” என்றாள். “இப்பவே நிறுத்து.”

“விளையாடுறியா? யார் கேட்டாலும் நிறுத்தாதேன்னு இப்பத்தான் சொன்னே. நானே கேட்டாலும் நிறுத்தாதேன்னு…”

இணைப்பு அறுந்தது. சுவர்த்திரையில் தொலைபேசிக்கு எதிரே பச்சை டிக் விழுந்தது.

அதன் பிறகுதான் அந்த நிசப்தம் வந்தது. குளிர்சாதனம் நின்றுவிட்டது. இத்தனை நேரமும் அந்த முனகலைத் தான் கேட்டுக்கொண்டிருந்தது அது நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. தளத்தின் கடைக்கோடியில் ஒரு வரிசை விளக்கு அணைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஆள் நடமாட்டம் தெரிந்தால் எரியும் விளக்குகள் அவை. அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள், கரையில் நின்று கப்பலைக் கூப்பிடுகிறவள் போல. இருட்டு நிதானமாக அவளை நோக்கி வந்தது, அவள் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தது, தாண்டிப் போனது.

வெயில் கோடுகள் மட்டும் தரையில் மிச்சமிருந்தன. அவையும் மங்கிக்கொண்டிருந்தன.

கண்ணாடிக் கதவுக்கு ஓடினாள். வெளியே லிஃப்ட் திறக்கும் சத்தம். காவலாளி சாவிக்கொத்தோடு வந்துகொண்டிருந்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “அண்ணே! இங்க! சாவி போட்டுத் திறந்துடுங்க!”

அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கால் அப்படியே நின்றது.

“அண்ணே?”

“நான் அவங்களை டாக்ஸியில ஏத்திவிட்டேன்,” என்றார் அவர், அவளிடம் அல்லாமல் தனக்குள். “கதவைச் சாத்தினது நான்தான். கையசைச்சாங்க.”

“அது நான் இல்லண்ணே. நான்தான் இது. பாருங்க, நல்லாப் பாருங்க.” அவள் கண்ணாடியில் உள்ளங்கைகளைப் பதித்தாள். வியர்வையில் கலைந்த தலை, அழுத கண், பயத்தில் இழுபட்ட வாய். அவர் பார்ப்பது எதை என்று அவளுக்கே அந்தக் கணத்தில் புரிந்தது. இருண்ட தளத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னால், போய்விட்ட ஒருத்தியின் முகம்.

“வராதே,” என்றார். “அங்கேயே இரு தாயே. நான் உனக்கு ஒண்ணும் பண்ணல.”

“எனக்குப் பொண்ணு இருக்குண்ணே!”

அவர் முதுகைக் காட்டவில்லை. பின்பக்கமாகவே நடந்து லிஃப்டுக்குள் போனார். கதவு மூடும்வரை அவள்மீது வைத்த கண்ணை எடுக்கவில்லை. சாவிக்கொத்து அவர் கையில் கிலுகிலுத்துக்கொண்டே கீழே இறங்கியது.

அவசர வழி. தாழ்ப்பாள் இறங்கவில்லை. தீ எச்சரிக்கைப் பெட்டி. கண்ணாடியை உடைத்தாள். விரல் கிழிந்தது. மணி அடிக்கவில்லை. நாற்காலியால் கதவைத் தாக்கினாள். நாற்காலியின் கால் வளைந்தது. கதவில் கீறல்கூட இல்லை. காற்று கனத்தது. விரிப்பின் தூசி வாசம். தன் மூச்சின் வாசம்.

கூட்ட அறையின் மேசை நடுவில் ஒரு தொலைபேசி இருந்தது. யார் பெயரிலும் இல்லாதது. எடுத்தாள். உயிர் இருந்தது.

எந்த எண்ணை அழுத்துகிறோம் என்று யோசிக்காமலே விரல் தன்னுடைய எண்ணை அழுத்திவிட்டது.

“சொல்லுங்க,” என்றது அவள் குரல்.

பின்னணியில் தண்ணீர்க் குழாய் ஓடியது. அவள் வீட்டுக் குழாய்தான், திருகினால் விக்கிவிட்டு ஓடும். மகள் சிட்டு ஏதோ பாட்டை ஒரே வரியில் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள்.

“யார் நீ?” என்றாள் அவள். “என் வீட்டுல யார் நீ?”

“நீங்க கவலைப்படாதீங்க,” என்றது அந்தக் குரல், அவள் வாடிக்கையாளர்களுக்கென்றே வைத்திருந்த கனிவோடு. “எல்லாம் நல்லபடியா நடந்துட்டிருக்கு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி.”

வைத்துவிட்டது.

கூட்ட அறையின் கண்ணாடி வழியே சுவர்த்திரை தெரிந்தது. மருத்துவக் காப்பீட்டுக்கு எதிரே மஞ்சள் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மென்பொருள் மட்டும் தரகரின் பேச்சை அப்படியே நம்பாது. குடும்பத்தில் ஒருவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, இவர்தான் உங்கள் வீட்டு ஆள் என்பது சரியா என்று கேட்கும். பச்சைப் பொத்தானைத் தொட்டால் சரி. சிவப்பைத் தொட்டால் எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவிடும். பச்சை விழுந்துவிட்டால் மிஞ்சிய பதிவை, அதாவது அவளுடையதை, எல்லா இடத்திலிருந்தும் துடைத்துவிட வேண்டியதுதான். தொட்டது தொட்டதுதான், திரும்பக் கேட்காது.

கணவனின் எண்ணை அழுத்தினாள். விரல் ரத்தத்தில் வழுக்கியது. மீண்டும் அழுத்தினாள்.

“ஹலோ?”

“ஏங்க, நான்தான். மெசேஜ் ஒண்ணு வந்திருக்கும். பச்சையைத் தொடாதீங்க. சிவப்பு. சிவப்பை மட்டும் தொடுங்க.”

அவன் சிரித்தான். இவ்வளவு லேசாக அவன் சிரித்துக் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. “ஏய், அடுப்படியிலேருந்து ஃபோன் பண்ணி விளையாடுறியா? இன்னைக்கு என்னடி ஆச்சு உனக்கு? வந்ததுலேருந்து ஒரே குஷி.”

“அது நான் இல்லீங்க. நான் ஆபீஸ்ல மாட்டிக்கிட்டிருக்கேன். சத்தியமா. பொண்ணைத் தூக்கிட்டு வெளிய வந்துடுங்க.”

“சரி சரி, நடிப்பு பிரமாதம். இரு, அங்கேயே வரேன். உன் முகத்தை நேராப் பார்த்துட்டு அப்புறம் தொடறேன் பச்சையை.”

“வேண்டாங்க. போகாதீங்க. அவகிட்ட…”

ஃபோனை எங்கோ வைத்துவிட்டான். அவனுடைய செருப்புச் சத்தம் விலகிப் போனது. அடுப்படிக் கதவு. அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.

பாதியில் நின்றது.

குழாய்ச் சத்தமும் நின்றது. அவள் ரிசீவரைக் காதில் நசுக்கிப் பிடித்தாள். வெளியே தரையில் வெயில் கோடுகள் ஒன்றுகூட இல்லை. மஞ்சள் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

எதுவோ ரிசீவருக்கு வெகு அருகில் உரசியது. சின்ன மூச்சு.

“அம்மா,” என்று சிட்டு கிசுகிசுத்தாள். “நீங்க எப்ப வருவீங்க?”

“கண்ணு. தங்கம். அப்பா எங்கடா?”

“அப்பா கீழ படுத்துட்டாங்க. அம்மா பேசுறாங்க, ஆனா வாயே அசையல. சிரிச்ச மாதிரியே இருக்கு.”

“நீ அங்க பார்க்காதே. அப்பா ஃபோன் உன் கையிலதானே இருக்கு? அதுல ரெண்டு கலர் தெரியுதா? பச்சையும் சிவப்பும்?”

“தெரியுது.” பிறகு இன்னும் மெல்லிய குரலில்: “அம்மா பக்கத்துல வந்துட்டாங்க. என் விரலைப் பிடிச்சிருக்காங்க. ஜில்லுனு இருக்கு.”

“சிட்டு, அம்மா சொல்றதைக் கேளு. விரலை இழுத்துக்கோ. சிவப்பைத் தொடுடா கண்ணு. சிவப்பை.”

இப்போது மறுமுனையில் இரண்டு மூச்சுகள் கேட்டன. அவள் கெஞ்சினாள்.

“சிவப்பைத் தொடு, தங்கம். தொட்டுடு.”