கண்ணாடித் துண்டில் போட்ட தேதி

ஆகஸ்ட் 12, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு. விரிசல் மேல் கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு, அதில் தேதி போட மறந்துவிட்டேன். வகுப்புக்கு நேரமாகிவிட்ட அவசரம். நாளை முதல் வேலை அதுதான்.

இசக்கிச்செல்வி நாட்குறிப்பை மூடினாள். மாலை வகுப்பில் தேர்வுக்கான பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் மனதில் ஏறவில்லை. தேதி இல்லாத கண்ணாடி கண்ணுக்குள்ளேயே நின்றது.

அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் அவள் ஒப்பந்த மேற்பார்வையாளர். சங்கரன்கோவிலில், புளியங்குடி சாலையை ஒட்டி, வெகுகாலம் பூட்டிக் கிடந்த ஊழியர் குடியிருப்பின் மூன்றாம் வீடு அவள் பொறுப்பு. படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து உத்தரம் வரை விரிசல். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனையிலும் சிமெண்ட் பூசி, மேலே தேதி எழுதிவிட்டு வர வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி தெறிக்கும். தெறிக்காவிட்டால் வீட்டைக் குடியிருக்கக் கொடுக்கலாம். ஒரு மழைக்காலமாவது பொறுத்துப் பார்க்க வேண்டிய சோதனை அது. பொறியாளர் பாண்டியராஜ் கொடுத்தது மூன்றே நாள்.

வீடு, அரசு மருத்துவமனைச் செவிலியர் சாஜிதா பானுவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கைக்குழந்தைக்காரி. வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை, பதினைந்தாம் தேதி விடுமுறை. அன்றைக்கே பால் காய்ச்சிவிடுவதாக இருந்தாள்.

“கொக்கி கூடத் தயாரா கெடக்கு பாத்தியா பிள்ள?” என்று, வீட்டைப் பார்க்க வந்த அன்று உத்தரத்தில் தொங்கிய பழைய இரும்புக் கொக்கியைக் காட்டிச் சிரித்தாள். “தொட்டில இந்தச் சுவரோரமே கட்டிருதேன்.”

புதன் காலை செல்வி பூட்டைத் திறந்தபோது வௌவால் எச்சமும் பழைய சுண்ணாம்பும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. வெளியே வெயில் கொளுத்தியது. படுக்கையறையோ கிணற்றுக்குள் இறங்கியதுபோலக் குளிர்ந்திருந்தது.

கண்ணாடி உடையவில்லை. அதன்மேல் பனி படிந்திருந்தது.

துப்பட்டா நுனியால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள்.

பனி உள்பக்கம் இருந்தது.

அந்தப் பனியில் விரலால் எழுதியதுபோல ஒரு தேதி. 15.8. எண்கள் இடவலம் மாறியிருந்தன, சுவருக்கு உள்ளே நின்று ஒருவர் எழுதினால் வெளியே எப்படித் தெரியுமோ அப்படி. கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது.

நான்தான் நேற்றுக் குழப்பத்தில் எழுதிவிட்டேனோ? அவளுக்கு எப்போதும் முதல் சந்தேகம் தன்மேல்தான் வரும்.

அப்போது பனி மெல்லக் குறைந்தது. மறுபடி படர்ந்தது. குறைந்தது. படர்ந்தது.

உள்ளே ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவள் வெளியே ஓடிவந்து தொலைபேசியில் சொன்னாள்.

“ஓதமா இருக்கும்மா,” என்றார் பாண்டியராஜ். “கண்ணாடி உடைஞ்சுதா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“உடையல சார். ஆனா...”

“அப்ப சுவரு ஸ்ட்ராங்கா இருக்கு. எழுதிக் குடுத்துட்டுப் போவியா, அங்கன நின்னு என்னத்த ஆராய்ச்சி பண்ணுதே?”

அதுதான் அவளுக்கு ஆத்திரம். முறைப்படி பார்த்தால் அவர் சொல்வது சரி. மூச்சு விடும் சுவருக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் ஒரு சோதனையைப் பொய்யாக்கத் துணிந்தாள். உள்ளே போய், சாவிக்கொத்தால் கண்ணாடியை ஓங்கி அடித்தாள். சில்லுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். கண்ணாடி உடைந்துவிட்டதாகப் பாண்டியராஜிடம் சொன்னாள்.

வியாழன் அவர் நேரில் வந்தார்.

“எங்கம்மா உடைஞ்சிருக்கு?”

விரிசலின் குறுக்கே முழுக் கண்ணாடி. பளிச்சென்று, பனியில்லாமல், எழுத்தில்லாமல் இருந்தது. செல்வி பையைத் திறந்து காட்டினாள். சில்லுகளும் இருந்தன.

“புதுசு ஒட்டிட்டு எங்கிட்டயே வெளாட்டு காட்டுதியா? அந்தப் பொம்பள பச்சப்பிள்ளய வச்சுக்கிட்டு எங்க போவா? சாவிய நாளைக்குக் காலைல குடுத்துரு.”

அவர் போன பிறகு சிமெண்டைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஈரம். விரல் தடங்கள் இருந்தன. சிமெண்ட் விரிசலுக்குள்ளிருந்து வெளியே பிதுக்கி அப்பப்பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சாஜிதா பானு பால் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றாள். தோளில் குழந்தை தூங்கியது.

“சாவி தொலைஞ்சுட்டுக்கா,” என்றாள் செல்வி. சாவி அவள் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

“ஏட்டி, வெளாடாத. வண்டி சாமானோட நிக்குது.”

“அக்கா, இந்த வீடு வேண்டாம். அந்தச் சுவரு சரியில்ல.”

“உங்க சாரு சரிங்காரு, நீ சரியில்லங்குதே. யாரத்தான் நம்ப?” அவள் குரல் உடைந்தது. “பேயி பிசாசுன்னு யாரும் சொன்னாங்களா? அதுக்கு வாடகை குடுக்க வேண்டாம்லா பிள்ள. எனக்கு அந்தப் பயம்லாம் கெடையாது. நாளைக்கு மாத்துச் சாவி போட்டாவது வந்துருவேன்.”

சாஜிதா பானு கோபத்தில் வண்டியைத் திருப்பினாள். பாண்டியராஜ் தொலைபேசியில் கத்தினார். இனி வேலைக்கு வர வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளச் சொன்னார். எல்லாவற்றையும் செல்வி வாங்கிக்கொண்டாள். போகட்டும், பதினைந்தாம் தேதி கழிந்தது.

மாலையில், வகுப்புக்குப் போகும் வழியில், ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கதவைத் திறந்தாள்.

கண்ணாடியில் பனி கட்டியிருந்தது.

அதில் 15 எழுதி அழிக்கப்பட்டிருந்தது. அதன் இடத்தில் இடவலம் மாறி, நிதானமாய்: 16.8.

மேலே வெறும் கொக்கி மெதுவாகக் கிரீச்சிட்டது. கண்ணுக்குத் தெரியாத கனம் ஒன்றை ஆட்டுவதுபோல, ஒரே சீராய்.

அன்று அவள் வகுப்புக்குப் போகவில்லை. அறைக்கு வந்து நாட்குறிப்பில் எழுதினாள்:

ஆகஸ்ட் 15, வெள்ளி. தேதி போட மறந்தது என் தவறு. அந்த இடம் காலியாக இருந்திருக்கக் கூடாது. நாளைய வேலை: சாஜிதா அக்கா வருவதற்கு முன்னால் போய், மூன்றாம் வீட்டுப் பூட்டுத் துவாரத்தைச் சிமெண்டால் அடைக்க வேண்டும்.