நாலரை மணிக்கு வரும் போன்

பட்டியலில் ஒன்று கூடுதலாக இருந்தது.

பிரேமினி மறுபடி எண்ணினாள். கம்ப்யூட்டர் இரண்டு, பிரிண்டர் ஒன்று, கேமரா மூன்று, வைஃபை பெட்டி மூன்று. தோட்டத்து இணைப்பில் அவ்வளவுதான். திரையில் பத்தாவதாக ஒரு வரி பச்சையாக ஒளிர்ந்தது.

வெளியே நாலரை மணிக்கே மூடுபனி தொழிற்சாலைக் கூரையை மறைத்து, வாடும் கொழுந்தின் புளித்த வாசனையோடு ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே ஊர்ந்து வந்து, அவளது பாதங்களைச் சில்லிட வைத்துக்கொண்டிருந்தது. தகரத்திலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் சொட்டியது.

இணைப்பில் இருக்கும் கருவிகளைத் தேடிக் காட்டும் அந்த மென்பொருளை அவள்தான் இறக்கி வைத்தாள். திறந்த மூல மென்பொருள், இலவசம் என்பதால் கம்பெனி சம்மதித்தது. புதிதாக எது வந்தாலும் அது வெறும் எண்ணாகத்தான் காட்டும். பெயரை நாம்தான் எழுத வேண்டும்.

இந்த வரியில் பெயர் இருந்தது. பூரணி. இடம்: மடுவம்.

வைஃபை பெட்டிகளில் ஒன்று ஆபிஸில், ஒன்று தொழிற்சாலையில், மூன்றாவது மேல்மலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்; எந்தப் பெட்டியோடு சேர்கிறதோ அதையே பட்டியல் இடமாகக் காட்டும். மடுவத்துக்குக் கீழேதான் பூரணி குடியிருந்த லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். போன கார்த்திகை மழையில் மலை சரிந்து, பதினொரு பேரோடு அதை மூடியது. இப்போது அதன்மேல் தேயிலைக் கன்று நட்டிருக்கிறார்கள்.

"என்ன புள்ள, முகம் வெளிறிப் போச்சு? பெரிய கிளாக்கர் இன்னிக்கும் ஏசினானா?"

கேட்டவள் பூரணியின் தாய் காளியாயி. மலை சரிந்த அன்று ஹட்டன் டவுனுக்குப் போயிருந்ததால் தப்பியவள். தினமும் வந்து மேசைக்கு எதிரே நிற்பாள்.

"தோண்டச் சொல்லிக் குடுத்த கடுதாசிக்குப் பதில் வந்துச்சா?"

"இல்ல அத்த."

"எலும்பையாவது தாங்கன்னுதான கேட்டேன். மேனேஜர் துரை பங்களாவையா கேட்டேன்?"

பிரேமினி நிமிரவில்லை. சரிவுக்கு ஒரு மாதம் முன்பு, ஆபிஸின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் கஜேந்திரன் சொல்லித்தான் லயத்து போன்களை ஒவ்வொன்றாகப் பெயர் எழுதித் தடுத்தாள். "கம்பெனி வைஃபை என்ன, லயத்து ஆளுங்க படம் பாக்கவா? எல்லாத்தையும் வெட்டு." தடுத்த போன் வைஃபை பெட்டியோடு சேரும், பட்டியலிலும் தெரியும். ஆனால் ஒரு சொல்லும் வெளியே போகாது; மேல்மலையில் வேறு சிக்னலும் கிடையாது.

சரிவுக்குப் பிறகும் பூரணியின் போன் பட்டியலில் வந்தது. தினமும் நாலரைக்கு, ஐந்து நிமிடம் மட்டும். மண்ணுக்குள் யாரோ போனை அணைத்து அணைத்து வைத்து, சார்ஜை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் நாள்தான் பிரேமினி அதைக் கவனித்தாள். ஓடிப்போய்ச் சொன்னாள்.

"மண் தோண்டுற பெக்கோ மெஷின் நேத்தே போயிருச்சு," என்றார் கஜேந்திரன். "தேடுனது போதும்னு துரை கையெழுத்தும் வச்சாச்சு. ஒனக்கு வேல வேணுமா, வேணாமா? லயத்துப் பேரு எல்லாத்தையும் அழி."

அழித்தாள். தடையை நீக்க ஒரு சொடுக்கு போதும். அதைக்கூடச் செய்யவில்லை.

இப்போது செய்தாள்.

காளியாயியின் ஜாக்கெட்டுக்குள் போன் சத்தமிட்டது. மறுபடி. மறுபடி. மறுபடி. நாலு குரல் பதிவுகள். அவள் முதலாவதை அழுத்தினாள்.

"அம்மா, நாங்க உள்ளுக்குத்தான் இருக்கோம். சின்னவனுக்கு மூச்சு வாங்குது. பிரேமினிகிட்ட சொல்லும்மா. அவ ஆபிஸ் கம்ப்யூட்டர்ல எங்க போனப் பாப்பா. அவளுக்குத் தெரியும்."

காளியாயி அழவில்லை. பிரேமினியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அத்த, நான்..."

திரையில் எழுத்து மாறியது. இடம்: தொழிற்சாலை.

கீழே இன்னொரு பச்சை வரி. இன்னொன்று. எல்லாம் பிரேமினி தானே பெயர் எழுதி, தானே அழித்த லயத்து போன்கள்.

இடம்: ஆபிஸ்.

தகரத்தில் சொட்டும் சத்தம் நின்றது.

காளியாயி போய்க் கதவைத் திறந்தாள். பனி வந்தது. பச்சை மண் வாசனை வந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

அவள் சற்று ஒதுங்கி, ஒருவருக்கு வழி விட்டாள். பிறகு இன்னொருவருக்கு. குனிந்து, ஒரு சிறு தலையைத் தடவுவதுபோலக் காற்றைத் தடவினாள். கடைசி ஆளும் உள்ளே வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

பிறகு கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ் போட்டாள்.