மாப்பிள்ளையின் குரல்

மைக்கை அணைத்துவிட்டுத்தான் அவள் இருமினாள். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்த பொம்மையும் இருமியது. ஒயர் எங்கோ உரசுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ராணுவ மருத்துவப் பயிற்சிக்கூடத்தில் அவள் தேர்வாளர். ஆடாமல் அசையாமல் படுத்துக்கொண்டு எல்லோரிடமும் சேவகம் வாங்குவதால் அந்த ரப்பர் பொம்மைக்கு அங்கே 'மாப்பிள்ளை' என்று பெயர். மாப்பிள்ளைக்குக் குரல் கொடுப்பவள் அவள்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் அவள் பேச்சு பொம்மையின் வாயில் வரும். இன்னொன்றை அழுத்தினால் கூரை ஸ்பீக்கரில் வரும். அங்கிருந்து "போதும்" என்று கேட்டால்தான் தேர்வு முடியும்.

"அடிபட்டவன் விட்டுடுன்னு கெஞ்சுவான், திட்டுவான். காதுலயே போட்டுக்காதே" என்பது அவள் நடத்தும் முதல் பாடம். போர்முனையில் நிஜக் கதறல்களைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாம் பழகிவிட்டது. இப்போது கதறல் என்பது மதிப்பெண் போடுகிற விஷயம். அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை.

இன்றைய மாணவி முன்பு தோற்றவள். பொம்மை முனகியதும் மனசு கேட்காமல் காயத்தின் கட்டைத் தளர்த்திவிடுவாள். இன்றும் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தேர்வாளர் அறைக்குள் துப்பாக்கிச் சத்தத்தை ஓடவிட்டாள். பொம்மையின் இடது தொடையிலிருந்து, ரத்தத்துக்குப் பதிலாகச் சர்க்கரைப் பாகில் கலந்த சிவப்புத் தண்ணீர் பீய்ச்சியது. மாணவி ரத்தத்தை நிறுத்தத் தொடையில் பட்டையைச் சுற்றி, அதில் செருகிய குச்சியைத் திருகி இறுக்கினாள்.

"பொறுத்துக்கோங்க மாப்பிள்ளை."

தேர்வாளரின் இடது கால் மரத்துப்போனது. உட்கார்ந்தே வேலை பார்த்தால் இப்படித்தான் என்று குதிகாலைத் தரையில் தட்டினாள். தட்டியது தெரியவில்லை. சர்க்கரைப் பாகு வாசனை வர வேண்டிய நேரத்தில், மேசைக்கு அடியிலிருந்து துருப்பிடித்த இரும்பு வாசனை வந்தது. குனிந்து பார்த்தாள். அவள் தொடையில் பட்டை அளவுக்குத் துணி உள்ளே அமுங்கியிருந்தது. கீழே பாதம் நீலம் பாரித்துக் கிடந்தது.

கூரைப் பொத்தானை அழுத்தினாள். "போதும். நிறுத்து."

கூரை பேசவில்லை. பொம்மை பேசியது.

"போதும். நிறுத்து."

"அப்படித்தான் சொல்லுவீங்க. இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன்" என்றாள் மாணவி.

தேர்வாளர் கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினாள். பொம்மையின் கையும் உயர்ந்தது.

"இப்போ கையும் ஆடுமா? ஆட்டாதீங்க." மாணவி பொம்மையின் இரு மணிக்கட்டுகளையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். தேர்வாளரின் கைகள் நாற்காலியில் விழுந்தன. அப்புறம் எழவில்லை.

பயந்தாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு.

பொம்மையின் நெஞ்சில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூச்சு அடைத்துவிட்டதற்கு அடையாளம். அவளுக்கும் காற்று வரவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். தொண்டையைக் கீறிக் குழாய் செருக வேண்டும்.

மாணவி பொம்மையின் கழுத்தில் இடம் தேடினாள். தேர்வாளரின் கழுத்தில் ஒரு விரல் ஊர்ந்தது. குளிர்ந்த விரல். நின்றது. சரியான இடம்.

கத்தியை எடுத்த மாணவி ஒரு கணம் தயங்கி, கண்ணாடியைப் பார்த்தாள். அவள் பக்கத்திலிருந்து அது வெறும் இருட்டு.

"மேடம்... செய்யட்டுமா?"

தேர்வாளர் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கட்டிலில் பொம்மையின் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

கூரையிலிருந்து அவளுடைய குரல் நிதானமாகக் கேட்டது.

"நல்லாப் பண்றே. நிறுத்தாதே."

"சரி மேடம்."